சின்ன மிஸ்ஸிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: மதுரையில் ஒரு மழலையர் வகுப்பு

அடுத்த ஆண்டு பயிற்சிக்குப் போகவிருக்கும் தங்கைகள் பஸ் நிறுத்தத்திலும் போனிலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தம்பிகள் இரண்டு பேரும் அதே கேள்விகளைத்தான் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன். மதுரையில் ஒரு பள்ளியில் எல்கேஜியும் யுகேஜியும் சேர்ந்திருந்த அறையில், ஜூனில் பள்ளி திறந்த நாள் முதல் ஆகஸ்ட் கடைசிவரை பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். பள்ளியின் பெயரையும் குழந்தைகளின் பெயரையும் கேட்காதீர்கள். வழிகாட்டி ஆசிரியையைப் பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்பார்கள். என்னைச் ‘சின்ன மிஸ்’ என்பார்கள். இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நீங்கள் படித்தது தொடக்கக் கல்விப் பட்டயம். மழலையர் வகுப்புக்கு எப்படிப் போனீர்கள்?

நானாகப் போகவில்லை. நான்காம் வகுப்புப் பின்னங்களுக்குப் பாடத்திட்டம் எழுதி, சப்பாத்தி வடிவில் அட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தலைமை ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உனக்குப் பாட வருமா?” என்று கேட்டார். சுமாராக வரும் என்றேன். “அப்படியானால் அந்த அறை” என்று அழுகைச் சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினார். அரைச் சப்பாத்தியும் கால் சப்பாத்தியும் பிறகு செப்புச் சாமான் விளையாட்டில் சப்பாத்தியாகவே பரிமாறப்பட்டன.

உங்களுக்கும் இந்த அறை வாய்க்கலாம். அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் அதற்கு முன்பே உண்டு. உளவியலாளர் பியாஜே சொன்ன குழந்தை வளர்ச்சிப் படிநிலைகளை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொரு குழந்தையின் காலில் இடம்மாறிய ஷூவைக் கழற்றுவது எந்தப் பாடத்திலும் இல்லை.

வகுப்பில் எத்தனை குழந்தைகள்? எத்தனை மொழிகள்?

31 பேர். வீட்டில் பேசும் மொழியை வைத்துப் பார்த்தால் தமிழ் 17, சௌராஷ்டிரம் 6, தெலுங்கு 3, உருது 2, இந்தி 2, மலையாளம் 1. இந்தக் கணக்கு கைக்கு வர எனக்கு மூன்று வாரம் ஆனது. சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழிக் கட்டத்தில் 28 பேருக்குத் ‘தமிழ்’ என்று இருந்தது. பெற்றோர் பொய் சொல்லவில்லை. “தாய்மொழி தமிழ்தானே?” என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். “வீட்டில் பாட்டியோடு என்ன பேசுவான்?” என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கலவை வியப்பாக இருக்கலாம். பந்தடித் தெருக்களிலும் மகாலைச் சுற்றியும் வளர்ந்தவர்களுக்குச் சௌராஷ்டிரம் காதில் விழாத நாளே கிடையாது. திருமலை நாயக்கர் காலத்தில் இங்கு நிலைகொண்டதாக மரபு சொல்லும் பட்டு நெசவாளர்களின் மொழி அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 2.47 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகக் கூறியிருக்கிறார்கள். தெலுங்கு வீடுகளும் நேற்று வந்தவை அல்ல. எங்கள் வகுப்புக்குப் புதிது இந்தி வீடுகள்தாம். ஒருவர் பானிபூரி வண்டி வைத்திருந்தார், இன்னொருவர் கட்டட வேலைக்கு வந்தவர்.

பெயரைப் பார்த்து மொழியை முடிவு செய்யாதீர்கள். மதுரை முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் பேச்சு தமிழ்தான். அது தெரிந்தும், வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஒரு முஸ்லிம் பெண் குழந்தையிடம் “பைட்டோ, பைட்டோ” என்று உட்காரச் சொல்லி என் உருதுப் புலமையைக் காட்டினேன். அவள் நேராக ஆயாம்மாவிடம் போய், “சின்ன மிஸ்ஸுக்குப் பேச வரவில்லை” என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் என்ன நடந்தது?

அழுகைதான். மூன்று பேர் தொடங்கினால் முப்பது பேருக்கும் பரவும். நான் கையிலிருந்த பாட்டையெல்லாம் பாடினேன், யாருக்கும் கேட்கவில்லை. ஆயாம்மா ஒன்றும் பேசாமல் முற்றத்தில் இரண்டு வாளித் தண்ணீரை வைத்து, நாலைந்து டம்ளரையும் ஒரு வடிகட்டியையும் போட்டார். பத்து நிமிடத்தில் பாதி அழுகை நின்றது. எல்லாச் சட்டையும் நனைந்தது. மாற்றுச் சட்டை கேட்டு வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது, அதனால் என்ன.

என் பெரிய தவறு வாசலில் நடந்தது. “பிள்ளை பொம்மையைப் பார்க்கும்போது சத்தமில்லாமல் போய்விடுங்கள்” என்று ஓர் அம்மாவிடம் யோசனை சொன்னேன். அவரும் போய்விட்டார். திரும்பிப் பார்த்த குழந்தை அதற்குப் பிறகு ஒன்பது நாள் வாசற்கதவை விட்டு நகரவில்லை. பொம்மையைப் பார்த்தால் அம்மா மறைந்துவிடுவாள் என்பது அவள் கண்டுபிடிப்பு. “போய்விட்டு மூன்று மணிக்கு வருகிறேன்” என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பெற்றோர் போக வேண்டும். அழட்டும். சொல்லிவிட்டுப் போனால் அந்த அழுகை ஒரு வாரத்தில் தணிகிறது, ஏமாற்றிவிட்டுப் போனால் லேசில் தணிவதில்லை.

தமிழ் தெரியாத குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது?

தமிழில், மெதுவாக, கையும் முகமும் சேர்த்து. தினமும் ஒரே வேலைக்கு ஒரே சொல். “கை கழுவலாம்” என்று ஒரு நாளும் “வாஷ் பண்ணலாமா” என்று மறுநாளும் சொன்னால் அந்தக் குழந்தைக்கு அவை இரண்டு வேலைகள்.

அவன் மொழியில் ஏழெட்டுச் சொல்லாவது நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தண்ணீர், பசி, வலி, அம்மா வருவாள், ஒன்றுக்கு வருகிறது: இவை போதும். அந்தந்த வீட்டு அம்மாவிடமே கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் நடந்தது இது. பானிபூரி வண்டிக்காரரின் மகன் ஒரு நாள் என் முந்தானையைப் பிடித்து “பானி, பானி” என்றான். அப்பாவின் வண்டியை நினைத்து அழுகிறான் என்று நான் எடுத்துக்கொண்டு, “சாயந்தரம் அப்பா வருவார்” என்று சமாதானம் சொன்னேன். அவன் இன்னும் சத்தமாகக் கேட்டான். பக்கத்தில் மணி கோத்துக்கொண்டிருந்த சௌராஷ்டிர வீட்டுப் பெண் தலையை நிமிர்த்தாமலே, “தண்ணீர் கேட்கிறான் மிஸ்” என்றாள். அவள் வீட்டிலும் தண்ணீருக்கு அதே சொல்தான். சில நூறு ஆண்டுகளாக மதுரையில் வாழும் வீட்டுப் பெண்ணும் சில மாதங்களுக்கு முன் ரயிலில் வந்து இறங்கிய பையனும் ஒரு சொல்லில் ஒன்றாக இருந்தார்கள். நடுவில் மொழி தெரியாமல் நின்றவள் நான். அன்றிலிருந்து அவனை அவள் பக்கத்தில் உட்கார வைத்தோம். ஆனால் அவளை மொழிபெயர்ப்பாளராகவே ஆக்கிவிடாதே, நாலு வயசுப் பிள்ளை என்று பெரிய டீச்சர் எச்சரித்தார். நியாயமான எச்சரிக்கை. நான் நாள் முழுக்க “அவன் என்ன சொல்கிறான் பார்” என்று அவளைக் கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

வாயே திறக்காமல் எத்தனை நாள் இருப்பார்கள்?

சிலர் சில வாரம், சிலர் சில மாதம். புது மொழிக்குள் விழுந்த குழந்தை முதலில் கேட்டுச் சேர்த்துக்கொள்கிறது, பேச்சு பிறகுதான். “சொல், சொல், தண்ணீர் என்று சொன்னால்தான் தருவேன்” என்று பேரம் பேசாதீர்கள். அது கொடுமை.

இரண்டாவது இந்திப் பையன், கட்டட வேலைக்காரரின் மகன், ஆறு வாரம் வாய் திறக்கவில்லை. ஜூலை நடுவில் பிள்ளைகள் அழகர் ஆற்றில் இறங்குகிற விளையாட்டைத் தொடங்கினார்கள். சித்திரைத் திருவிழா முடிந்து மாதங்கள் ஆனாலும் மதுரைப் பிள்ளைகளுக்கு அது தீர்வதில்லை. நீலப் பாய் வைகை, மடித்த துண்டு அழகர், பால் பாக்கெட்டில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவன் ஒருவன். குதிரையாக யாரும் வர மாட்டேன் என்றார்கள், முட்டி வலிக்குமாம். இவன் தானாக வந்து குனிந்து நின்றான். குதிரைக்கு வசனம் கிடையாது என்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். நாலு நாள் அவன்தான் குதிரை. ஐந்தாம் நாள் பாயில் கால் வைத்ததும் எல்லோரும் “கோவிந்தா” என்றபோது குதிரையும் “கோவிந்தா” என்றது. மற்ற பிள்ளைகள் குதிரை பேசக் கூடாது என்று சண்டைக்கு வந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆயாம்மா சிரித்தார்.

இந்தக் கேட்கும் காலத்தை வீணான காலம் என்று நினைக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் மாநிலப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடம் ஆகிவிட்டது. அவன் அங்கே எழுதப்போகும் தமிழுக்கு இங்கே காதுதான் முதல்.

அப்படியென்றால் பேசாத குழந்தைக்கெல்லாம் மொழிதான் காரணமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெலுங்கு வீட்டுப் பையன் ஒருவன். கூப்பிட்டால் சில நாள் வருவான், சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். “வட்டத்தில் உட்காருங்கள்” என்றால் மற்றவர்கள் உட்கார்ந்த பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு உட்காருவான். கதை சொன்னால் எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து நிற்பான், பின்னால் இருக்கிற பிள்ளைகள் மறைக்கிறது என்று கத்துவார்கள். வீட்டில் தெலுங்கு, அதனால் புரியவில்லை என்று எல்லோரும் சொன்னோம். நான் ஒருபடி மேலே போய், உற்றுநோக்கல் பதிவேட்டில் ‘கவனக்குறைவு, ஒத்துழைப்பதில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஆயாம்மா வீட்டிலும் தெலுங்குதான். ஒரு நாள் அவன் மண்ணில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். அவர் பின்னால் நாலடி தள்ளி நின்று, “இக்கட ரா” என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. திரும்பவில்லை. முன்னால் போய் உதட்டை அசைத்ததும் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தான். ஆயாம்மா என்னைப் பார்த்து, “தமிழும் கேட்கவில்லை, தெலுங்கும் கேட்கவில்லை. சளி பிடித்த வாரமெல்லாம் இப்படித்தான்” என்றார். அவர் பத்தாவதுகூட முடிக்கவில்லை. குழந்தை வளர்ச்சியில் நான் முதல் வகுப்பு.

பெரிய டீச்சர் அம்மாவை அழைத்துப் பேசினார். வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், குறட்டை விடுவான், டிவியைக் கிட்டப் போய்ப் பார்ப்பான் என்று அம்மா சொன்னார். காது மருத்துவர் சோதித்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றாராம். இந்த வயதில் இது சாதாரணம். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கிறது. சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்கிறது. வலி இருக்காது என்பதால் பிள்ளை சொல்லாது. சளி தெளிந்தால் கேட்கும், மறுபடி பிடித்தால் மங்கும். ‘சில நாள் வருவான், சில நாள் வர மாட்டான்’ என்பதை நான் பிடிவாதம் என்று நினைத்தேன், உண்மையில் அது இதுதான். சிகிச்சைக்குப் பிறகு ஆகஸ்டில் அவன் பேசிய பேச்சை நிறுத்த ஆள் தேவைப்பட்டது.

பல மொழி வகுப்பில் ஆபத்தே இதுதான். எல்லாவற்றுக்கும் மொழியைக் காரணம் காட்டிவிடலாம், காதுக் கோளாறு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்தக் குழந்தையின் வீட்டுமொழி பேசுகிற ஒருவரிடம், முகம் தெரியாமல் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் கூப்பிடச் சொல்லுங்கள். கை தட்டிப் பார்க்காதீர்கள், அதிர்விலேயே திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் நோயின் பெயரெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டாம், வழிகாட்டி ஆசிரியையிடம் சொன்னால் போதும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்கள் வரும் நாளில் யாரைக் காட்ட வேண்டும் என்ற பட்டியல் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

பதிவேட்டில் நான் எழுதிய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அடித்தாலும் படிக்க முடிகிறது.

வீட்டுத் தமிழைத் திருத்த வேண்டுமா?

தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளித் தமிழ் அரை அந்நிய மொழிதான். ‘அ’வுக்கு அணில் படத்தைத் தூக்கிக் காட்டி, “இது என்ன?” என்றேன். செக்கானூரணிப் பக்கம் தாத்தா வீட்டில் வளர்ந்த பையன், “அணிப்பிள்ளை” என்றான். “இல்லை, அணில்” என்றேன். அவன் முகம் விழுந்தது. அவன் தப்பாகச் சொல்லவில்லையே. அவன் ஊரில் அணிலும் கீரியும் பிள்ளைகள்தாம். அவன் சொன்னதும் அகரத்தில்தான் தொடங்குகிறது! “ஆமாம், அணிப்பிள்ளை. அணில் என்றும் சொல்வார்கள்” என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மறுநாள் அப்படிச் சொன்னேன், அவன் கேட்டுக்கொள்ளும் மனநிலையில் இல்லை.

‘உ’வுக்கு உரல் படம் வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுங்கள். 31 பேரில் ஒருவருக்கும் உரல் தெரியவில்லை. ஒருத்தி கிரைண்டர் என்றாள். இன்னொருத்தி பூந்தொட்டி என்றாள், அவள் வீட்டு மாடியில் பழைய உரலில் துளசி வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலும் தமிழோ ஆங்கிலமோ பேசச் சொல்லிப் பெற்றோரிடம் அறிவுறுத்தலாமா?

வேண்டாம். நம் ஊரில் பல பள்ளிகள் இதைச் செய்கின்றன. எனக்கு அதில் கோபம்தான். தமிழ் தடுமாறும் அம்மா, தடுமாறும் தமிழிலேயே பிள்ளையிடம் பேசத் தொடங்கினால், கதையும் கொஞ்சலும் கோபமும் வீட்டிலிருந்து போய்விடும், ‘வா, போ, சாப்பிடு’ மட்டும் மிஞ்சும். ஒரு மொழியில் நன்றாகப் பேச வருகிற பிள்ளைக்கு இரண்டாவது மொழி எளிதாக ஏறும். மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிப் போதனைக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் 350-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 31 பேருக்கு ஆறு மொழியில் பாடம் நடத்த என்னால் ஆகாது. வீட்டு மொழியை வீட்டிலிருந்தும் துரத்தாமல் இருக்க என்னால் ஆகும்.

நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பாட்டியோ அத்தையோ வந்து தங்கள் மொழியில் கதை சொல்வார்கள். மலையாளப் பிள்ளையின் அம்மா சொன்ன கதையில் ஆமை வந்தது. எங்கள் ‘ஆ’ அட்டையிலும் அதே ஆமை. “ஆமை! ஆமை!” என்று அறையே எழுந்து நின்றது.

‘யார் பக்கத்தில் என் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்டால்?

கேட்பார்கள். மொழியைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ இருக்கும் என்று நினைப்பீர்கள். எங்களிடம் கேட்ட அப்பா கேட்டது சாதியை. நேராகக் கேட்கவில்லை. “அந்தத் தெருப் பையனா?” என்று தெருவின் பெயரைச் சொன்னார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. பெரிய டீச்சர், “இங்கே யாருக்கும் இடம் கிடையாது சார், படத்துக்குத்தான் இடம்” என்றார்.

வாசலில் ஒரு டப்பா இருக்கும். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் கையை விட்டு ஒரு பாட்டில் மூடியை எடுக்க வேண்டும். மூடியில் யானை, பஸ், வெண்டைக்காய் என்று படம் ஒட்டியிருக்கும். தரையிலும் அதே படங்கள். யானை கிடைத்தால் யானையின் இடம். தினமும் மாறும். அப்பாக்களால் டப்பாவோடு வாதாட முடியவில்லை. பானிபூரிக்காரர் மகனையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து உட்கார வைத்தோம் என்றேனே, அதற்குக்கூட முதல் இரண்டு வாரம்தான் விதிவிலக்கு.

அந்த அப்பா மனம் மாறினாரா என்றால், மாறவில்லை. பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றவும் இல்லை. கட்டணம் குறைவு.

சாப்பாட்டு நேரம்?

முட்டை சாப்பிடுகிறவர்கள், சாப்பிடாதவர்கள், வெங்காயம்கூடச் சேர்க்காதவர்கள் எல்லோரும் உண்டு. அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. இந்த இரண்டு விதிதான். சத்துணவிலேயே முட்டை வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் உண்டு, அதுபோல இயல்பாக விட்டுவிடுங்கள். டப்பாவைக் கவனியுங்கள். திங்கட்கிழமை திறந்ததும் அவசரமாக அள்ளிச் சாப்பிடுகிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டது என்று யோசிக்க வேண்டும். காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது இதே மதுரையில், நெல்பேட்டைப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில். அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கானது. எங்கள் அறைப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளி அண்ணன் அக்காக்களின் பொங்கல் வாசனையை மட்டும் பிடித்தார்கள்.

அடம்பிடித்தால் ஒரு தட்டுத் தட்டலாமா?

கூடாது.

கற்பித்தல் உபகரணங்களுக்கு எவ்வளவு செலவாகும்?

பயந்து போய் ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். பளபளப்புத் தாளும் தெர்மோகோலும் மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்குத்தான் பிடிக்கும். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டுங்கள், விரலால் தடவிப் பழகட்டும். மரியா மாண்டிசோரி கொடுத்த உத்தி இது. அவர் 1939-இல் சென்னைக்கு வந்தார், போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நம் பக்கத்துக் கொடைக்கானலில்தான் இருந்தார். அவருக்கு முன்பே நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதினார்கள். ஒரு தாம்பாளத்தில் மணலும் போதும்.

மணி கோப்பதில் எங்கள் வகுப்பில் ஒருத்தியை யாரும் மிஞ்ச முடியாது, அந்த மொழிபெயர்ப்புக்காரிதான். மற்றவர்கள் ஊசி முனையைத் தேடும்போது இவள் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நூலை முறுக்கி, நகத்தால் நெருடி, துளையில் விட்டு இழுத்துவிடும். எங்கே கற்றாய் என்று கேட்டால் விழித்தாள். பாட்டி கதை சொல்ல வந்தபோதுதான் தெரிந்தது. அவர் சுங்குடிச் சேலைகளுக்கு முடிச்சுப் போட்டவர். துணியைக் கடுகளவு நகத்தில் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த கிள்ளலுக்குப் போவார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். சாயத்தில் முக்கி அவிழ்த்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. பேத்தி மடியில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள். விரல்நுனித் திறன் வளர்ப்பது பற்றி நான் எட்டுப் பக்கம் எழுதிய பாடத்திட்டத்தில் பாட்டி மடி என்ற சொல் இல்லை. பழைய வேட்டித் துண்டில் புளியங்கொட்டை வைத்து முடிச்சுப் போடும் வேலையை எல்லோருக்கும் கொடுத்தோம். அதற்கு ஆன செலவு ஒரு நூல்கண்டு.

பயிற்சி ரெக்கார்டு எப்போது எழுதுவது?

அன்றன்று, பஸ்ஸிலாவது. நான் கடைசி வாரத்தில் சேர்த்து எழுதி, வராத குழந்தையை வந்ததாக எழுதி மாட்டிக்கொண்டேன்.

வழிகாட்டி ஆசிரியை பிள்ளைகள் முன்னால் திட்டினால் என்ன செய்வது?

திட்டியது சரியா என்று முதலில் பாருங்கள். எனக்கு நடந்தது ஒருமுறைதான், அது சரியான திட்டு. கழிப்பறைக்குப் போன பிள்ளையை மறந்துவிட்டுக் கதையில் மூழ்கியிருந்தேன். தலையை எண்ணுங்கள். வெளியே போகும்போதும் எண்ணுங்கள், உள்ளே வரும்போதும் எண்ணுங்கள். 31 என்றால் 31.

எல்லா டீச்சரும் அவரைப்போல இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. உங்களை டீ வாங்க அனுப்புகிறவர்களும் உண்டு. ஆயாம்மாவோடு சிநேகமாக இருங்கள். அறையில் நடப்பது எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும், அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை.

பயிற்சி முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்க்கப் போகலாமா?

அனுமதி கேட்டுப் போகலாம். வகுப்பு நேரத்தில் வேண்டாம், விளையாட்டு நேரத்தில் போங்கள். நான் ஆயுத பூஜை விடுமுறை முடிந்த வாரம் மிட்டாய்ப் பொட்டலத்தோடு போனேன். ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நீலப் பாயை விரித்திருந்தார்கள். குதிரை இப்போது அழகராகிவிட்டது. வேறொரு புதுப் பையன் குனிந்து நின்றான், அவனிடம் இவன் தமிழில் அதிகாரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். “ஆயாம்மா, பழைய மிஸ்” என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டு, குதிரையைத் தட்டி ஆற்றுக்குள் இறங்கினான்.